புதுப்பிப்பு: கச்சேரிப் பயணத்தில் காது அடைப்பு – தீர்வு கிடைத்தது

சளியோடு பறந்தால் விமானம் இறங்கும்போது காது அடைத்துக்கொள்கிறது, மேடையில் சுருதி மங்கலாகக் கேட்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது இதுதான்: மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இறங்கத் தொடங்க அரை மணி நேரம் முன்பு மூக்கடைப்பைக் குறைக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் மூக்கு ஸ்ப்ரே. பிறகு தரை தொடும்வரை, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர் விழுங்குவது. முதல் அழுத்தம் தெரிந்தவுடனேயே ஆரம்பிக்க வேண்டும். ஏறும்போது நடுச்செவிக் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் ஒட்டிக்கொள்ளும், தாமதித்தால் திறக்காது. அதனால் அந்த நேரத்தில் தூங்கவே கூடாது. மூக்கைப் பொத்தி பலமாக ஊதுவதும் வேண்டாம், செவிப்பறைக்கும் உட்செவிக்கும் ஆபத்து.

எதிர்பாராதது ஒன்று: காது திறந்தது, ஆனால் குரல் கரகரத்தது. சளிக்காகக் கூடவே போட்டிருந்த அலர்ஜி மாத்திரை தொண்டையை உலர்த்துகிறது. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. திரும்பும்போது மாத்திரையை விட்டுவிட்டு, அடிக்கடி தண்ணீர் குடித்து, இன்ஜின் இரைச்சலுக்கு மேலே பேசுவதைத் தவிர்த்ததில் குரல் தெளிவாகவே இருந்தது.

ஸ்ப்ரேயைத் தொடர்ந்து 3 நாளுக்கு மேல் போடாதீர்கள், மூக்கடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.