13 வயசுப் பூனை, ஸ்கேன்ல குடல் தடிப்பு: லிம்போமாங்கற நிணநீர்ச் செல் புற்றுநோயா, வெறும் அழற்சியா?

திருச்சி_பூனைவீடு
நாட்டுப் பூனை, பெண், கருத்தடை ஆனது, 13 வயசு. நாலு மாசத்துல 4.1 கிலோவிலிருந்து 3.5 கிலோவுக்கு இறங்கிடுச்சு. வாரத்துக்கு மூணு தடவை வாந்தி. முடி உருண்டைன்னு நெனச்சு மால்ட் பேஸ்ட் கொடுத்ததுல பலன் இல்ல. இப்ப சாப்பாடும் பாதியாயிடுச்சு. ரத்தத்துல கிரியேட்டினின் (சிறுநீரகம் பார்க்கற அளவு) 1.5, சர்க்கரை சரி, தைராய்டு டி4 "நார்மல்". அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்: சிறுகுடலோட தசை அடுக்கு தடிச்சிருக்கு, அடுக்குகள் கலையல, பக்கத்து நிணநீர்க் கணு லேசா பெருத்திருக்கு, "குடல் அழற்சி அல்லது லிம்போமா". டாக்டர் பயாப்ஸி (திசு எடுத்துப் பார்க்கறது) ஒரு வழி, இல்லன்னா ப்ரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு ஆரம்பிச்சுப் பார்க்கலாம்னு சொல்றார். மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சிட்டு, பயாப்ஸியை அப்புறம் பார்த்துக்கலாமா?

வெள்ளைமீசை
அந்த வரிசைதான் கூடாது. ஸ்டீராய்டு லிம்போமா செல்களையும் அழிக்கும், அழற்சியையும் அடக்கும். ரெண்டு மூணு வாரம் கொடுத்துட்டு எடுக்கிற பயாப்ஸி எதையும் உறுதியா சொல்லாமப் போகலாம். பயாப்ஸி வேணுமா வேண்டாமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க, மாத்திரை அதுக்குப் பிறகு.

ஸ்கேன் மட்டும் வச்சு இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது. அடுக்குகள் கலையாம தசை அடுக்கு மட்டும் தடிக்கிறது நாள்பட்ட அழற்சியிலயும் வரும், மெதுவா வளர்ற சிறுசெல் லிம்போமாவிலயும் வரும். அடுக்கே தெரியாம ஒரு கட்டியா நின்னிருந்தா வேகமா வளர்ற பெருசெல் லிம்போமாவோ, அடினோகார்சினோமாங்கற இன்னொரு குடல் புற்றுநோயோன்னு பயப்படணும். உங்க ரிப்போர்ட் அப்படி இல்ல.

கணு பெருத்திருக்கறதால, ஸ்கேன் பார்த்துக்கிட்டே மெல்லிய ஊசியில செல் எடுக்க முடியுமான்னு கேளுங்க. பெருசெல் வகைன்னா பெரும்பாலும் அதுலயே பிடிபடும். சிறுசெல் வகை பெரும்பாலும் பிடிபடாது, ஏன்னா அந்தச் செல்கள் பார்க்க சாதாரண லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) மாதிரியே இருக்கும். அதனால ஊசி ரிப்போர்ட்ல "ஒண்ணுமில்ல"ன்னு வந்தா நிம்மதியா உட்கார்ந்துடாதீங்க.

எண்டோஸ்கோப்பில வயிறு கிழிக்க வேண்டாம், ஆனா குடலோட மேல்பகுதியில உள்பூச்சு மட்டும்தான் கிடைக்கும். நோய் பெரும்பாலும் சிறுகுடலோட நடுப்பகுதியிலயும் கடைசிப் பகுதியிலயும் இருக்கும். வயித்தைத் திறந்து எடுத்தா முழுத் தடிமன்ல பல இடம், கூடவே கணுவும் கிடைக்கும். ரத்தத்துல ஆல்புமின்ங்கற புரதம் குறைவா இருந்தா தையல் ஆறாமக் கசியும், அதை முன்னாடியே பார்த்துக்கோங்க.

இன்னும் ரெண்டு விஷயம். கிரியேட்டினின் தசையிலிருந்து வர்றது, தசை கரைஞ்ச பூனைக்கு 1.5ங்கறது உண்மையைவிட நல்லாத் தெரியற எண்ணா இருக்கலாம். மூத்திரத்தோட அடர்த்தி பாருங்க. டி4ல "நார்மல்"ங்கற வார்த்தை போதாது, எண்ணைக் கேளுங்க. வேற நோய் இருக்கிற பூனைக்கு டி4 கீழே இழுபடும். நார்மல் எல்லையோட மேல்பாதியில இருந்தா தைராய்டு இன்னும் சந்தேகத்துலதான்.

கருப்பன்_கண்ணு
மேல சொன்னதுல எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. 13 வயசு, மயக்க மருந்து தாங்குமா, செலவு முடியுமா, எல்லாம் பார்த்துட்டு "பயாப்ஸி வேண்டாம்"னு தெரிஞ்சே ப்ரெட்னிசலோன் ஆரம்பிக்கிறதும் நியாயமான வழிதான். சிறுசெல் லிம்போமாவுக்கும் கடுமையான அழற்சிக்கும் அடிப்படை மருந்து அதேதான். வழக்கமான தொடக்க அளவு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., பிறகு மெதுவாக் குறைக்கணும். பூனைக்கு ப்ரெட்னிசோன் வேண்டாம், ப்ரெட்னிசலோன்தான். அதோட மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்து சேர்ந்தா குடல் புண்ணாகும்.

சிறுசெல்னு உறுதியானா குளோராம்புசில்ங்கற புற்றுநோய் மருந்தையும் சேர்ப்பாங்க. பெரும்பாலும் 2 மி.கி. மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, கையுறை போட்டுத் தொடணும், ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். கர்ப்பமா இருக்கறவங்க மாத்திரையையும், பூனை மலம் கழிக்கிற மண்தட்டையும் தொடக்கூடாது. வெள்ளணுக்கள் குறையுதான்னு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும். இந்த வகையில ரெண்டு வருஷம், அதுக்கு மேலயும் ஓடுற பூனைகள் நிறைய. பெருசெல்லுக்கு அந்தக் கணக்கு இல்ல, அங்க மாசங்கள்தான். கேன்சர்ங்கற ஒரே சொல்லுக்குள்ள இவ்வளவு தூரம் இருக்கு, அதுக்காகவாவது பயாப்ஸி பத்தி இன்னொரு தடவை யோசிங்க.

மண்தட்டு_மணி
பி12 பார்த்தாங்களா? சிறுகுடலோட கடைசிப் பகுதி கெட்டா பி12 உறிஞ்சாது. அது குறைஞ்சா மருந்து கொடுத்தாலும் பசி சரியாத் திரும்பாமப் போகலாம். ரத்தம் எடுத்த பிறகு ஊசி: தோலுக்கு அடியில 250 மைக்ரோகிராம், வாரம் ஒண்ணு, ஆறு வாரம், அப்புறம் மாசம் ஒண்ணு. மில்லிக்கு 1000 மைக்ரோகிராம் சயனோகோபாலமின்னா 0.25 மி.லி. பி1, பி6 கலந்த ஊசியைத் தவிருங்க.

3.5 கிலோவுக்கு ஓய்வுநிலையிலயே நாளைக்குச் சுமார் 180 கலோரி வேணும். 85 கிராம் பவுச் ஒண்ணு 60, 70 கலோரிதான் இருக்கும். அப்ப ரெண்டரை, மூணு பவுச். உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூனா வைங்க. மீன் வேகவச்ச தண்ணி ஊத்தலாம், ஆனா உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. கருவாடும் வேண்டாம். சிரிஞ்சில திணிச்சா அந்தச் சாப்பாட்டையே வெறுத்துடும். ரெண்டு நாள் சுத்தமா சாப்பிடலன்னா கல்லீரல்ல கொழுப்பு ஏறும், அதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போங்க.

பசிக்கு மிர்டாசபின் கேளுங்க: 7.5 மி.கி. மாத்திரையில கால்வாசி. கூடினா ராத்திரி முழுக்கக் கத்தும், நடுங்கும்.

திருச்சி_பூனைவீடு
நன்றி. பி12 பார்க்கல, நாளைக்கே கேட்கறேன். இன்னொண்ணு, காது ரொம்பச் சூடா இருக்கு. காய்ச்சலுக்கு கால் டோலோ கொடுக்கலாமா?

வெள்ளைமீசை
வேண்டவே வேண்டாம்! பாராசிட்டமாலை உடைக்கிற நொதி பூனைக்குப் போதாது. துணுக்கு மாத்திரைகூட ரத்தத்தை ஆக்சிஜன் தூக்க முடியாதபடி ஆக்கிடும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், செத்துப்போகும். பூனைக்கு 39 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணச் சூடு, தொட்டுப் பார்த்துத் தெரியாது. ஆசனவாய் தெர்மாமீட்டர்ல 39.5 தாண்டினா டாக்டர்.

கருப்பன்_கண்ணு
வலி இருக்கான்னு முகத்துல பாருங்க: காது ரெண்டு பக்கமும் விரிஞ்சு சாயறது, கண் இடுங்கறது, மூக்கு வாய்ப்பகுதி இறுகறது, மீசை விறைக்கறது, தலை தோளுக்குக் கீழே தொங்கறது. ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2 மதிப்பெண். மொத்தம் பத்துல 4 வந்தா வலி மருந்து கேட்கணும்.

குழந்தை எடை மெஷின்ல வாரம் ஒருநாள், ஒரே நேரத்துல எடை போட்டு எழுதி வைங்க. வாந்தி, மலம், சாப்பிட்ட பவுச் கணக்கும் அதே தாள்ல. அடுத்த தடவை டாக்டர் முதல்ல கேட்கப்போறது அந்தத் தாளைத்தான்.