மலையில் வெள்ளம் மண்ணாகத்தான் வரும்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மலைச்சாரல், குன்னூர்

மழைக்காலத்தில் கோயமுத்தூர் சொந்தக்காரர்கள் போன் செய்தால் எப்போதும் ஒரே பேச்சுதான்: "உங்களுக்கென்ன, மேட்டுல இருக்கீங்க, தண்ணி எங்க நிக்கப்போகுது?" சரி, தண்ணீர் நிற்காது. ஆனால் நீலகிரியில் உயிரை எடுப்பது அது இழுத்துக்கொண்டு வரும் மண். பழைய மழைகளைப் பார்த்தவர்கள் இங்கே எழுதினால், புதிதாக வந்து வீடு கட்டுகிறவர்களுக்கு உதவும்.

நான் பார்த்தது 2009 நவம்பர். 10-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் பக்கத்துக் கேத்தியில் 82 செ.மீ. மழை கொட்டியது. சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 140 செ.மீ.தான். எங்கள் வீட்டுக்கு மேலே சரிவில் கேரட் தோட்டம். முந்தின நாள் மதியம் பின்சுவரின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. முதலில் தெளிவாகத்தான் வந்தது, பொழுது சாயும்போது பால் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. பாட்டி அதைக் கையில் ஏந்தி, விரலால் தேய்த்துப் பார்த்தார். "உள்ள மண்ணு கரையுது. இன்னிக்கு இங்க படுக்கக்கூடாது" என்றார். அப்பாவுக்கு மாட்டையும் உருளைக்கிழங்கு மூட்டைகளையும் விட்டுவிட்டு வர மனசில்லை. பாட்டி அடுப்பை அணைத்துவிட்டுக் குடையோடு இறங்கி நடந்த பிறகுதான் எல்லோரும் பின்னால் போனோம். பள்ளிக்கூடத்தில் படுத்தோம். இரவில் சமையலறையும் பின் அறையும் மண்ணுக்குள் போய்விட்டன. மாட்டை அப்பா அவிழ்த்துவிட்டு வந்ததால் அது பிழைத்தது. அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பல பேர் தூக்கத்திலேயே. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது அதனால்தான்.

பந்தலூர்க்காரி

உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. எங்களுக்கு ஆடி மழைதான் பயம். 2019 ஆகஸ்ட் 8 காலை வரையிலான ஒரு நாளில் அவலாஞ்சியில் 82 செ.மீ., அதற்கடுத்த நாளில் 91 செ.மீ. அதே மழையில்தான் வயநாட்டில் புத்துமலை சரிந்தது. வரைபடத்தில் அது வேறு மாநிலம், எங்களுக்கு அக்கம்பக்கம்.

நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓடை. அந்த வாரம் முழுக்க அது இரைந்துகொண்டே இருந்தது. ஒரு மதியம், மழை கொஞ்சமும் குறையாமல் அடித்துக்கொண்டிருக்கும்போதே, இரைச்சல் அடங்கிவிட்டது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. குழந்தைகள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். எதிர் லைனில் இருந்த பெரியவர் கத்திக்கொண்டே ஓடிவந்து அவர்களை இழுத்தார். "மேல எங்கியோ அடைச்சிருக்கு, மேட்டுக்கு ஏறுங்க, ஏறுங்க!" கொஞ்ச நேரத்தில் மரக்கட்டை, பாறை, வேரோடு பிடுங்கிய தேயிலைச் செடி என்று எல்லாம் ஒன்றாக இறங்கின. ஓடையோரம் இருந்த குளியலறைகள் இருந்த இடமே தெரியவில்லை. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று. எங்கள் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. மாமனார் அதற்குக் குறுக்கே பழைய காலண்டர் தாளைக் கோந்து போட்டு ஒட்டிவைத்தார். மறுநாள் தாள் கிழிந்திருந்தது. நிர்வாகத்திடம் காட்டினோம். சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். அடியில் நகரும் மண்ணைச் சிமெண்ட் பூச்சு நிறுத்துமா? எனக்கு இன்றுவரை ஆறவில்லை. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவுச் செய்தி வந்தபோது அந்தச் சுவர்தான் கண்முன் வந்தது. சாலியாற்றில் பல கிலோமீட்டர் கீழே உடல்களை எடுத்தார்கள்.

மேட்டுப்பாளையம் ரோடு டிரைவர்

1993 நவம்பர் மரப்பாலம் பற்றி அப்பா சொல்வார். ரோட்டையும் பஸ்ஸையும் சேர்த்து அடித்துக்கொண்டு போன சரிவு. அவரும் இதே ரூட்டில் ஓட்டியவர். குன்னூர்–பர்லியார் பாதையில் மழை நேரத்தில் தடுப்புச்சுவருக்குக் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருப்பார்கள். நல்ல மழையில் அதில் தண்ணீர் வரவில்லை என்றால், பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சின்னக் கல் உருண்டு வந்தாலும் போதும், இடத்தைக் காலி செய்யுங்கள்.

மசினகுடி நண்பர்

எங்கள் பக்கம் வானம் வெளுத்திருந்தாலும் நம்ப முடியாது. மேலே ஊட்டிப் பக்கம் பெய்தால் கீழே சீகூர் ஓடைகளில் திடீரென்று தண்ணீர் வரும். 2022 டிசம்பரில் ஆனிக்கல் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய நான்கு பெண்கள் அப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து தரைப்பாலத்தில் அவசரப்படாதீர்கள்.

புதிய உறுப்பினர்

கோத்தகிரி பக்கம் ஐந்து சென்ட் பார்த்திருக்கிறோம். புரோக்கர் "பாறை மேல இருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். எதைப் பார்க்க வேண்டும்?

மலைச்சாரல், குன்னூர்

பாறை அடியில் இருக்கும்தான். ஆனால் இங்கே பல இடங்களில் அதன்மேல் மீட்டர் கணக்கில் மக்கிய மண். மழை ஊற ஊற அது கனத்து, பிடி விட்டுவிடும். வீட்டுக்காகச் சரிவின் அடியை வெட்டினால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் இங்கே பொக்லைன் வைத்து மண் வெட்டக் கட்டுப்பாடு. அந்த மனையை ஏப்ரலில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், நவம்பர் மழையில் ஒருமுறை போய் நில்லுங்கள். மேலே மரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, புலப்படத்தில் (நிலத்தின் சர்வே வரைபடத்தில்) ஓடை போகிறதா என்று பாருங்கள். ஓடையை மூடி மனை போட்டிருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயகரமானவை என்று குறித்து வைத்திருக்கிறது, உங்கள் இடம் அதில் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால் 2009-இல் அந்தச் சரிவு எப்படி இருந்தது என்று விசாரியுங்கள். மழைக்காலத்தில் ஏதாவது என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.