நேபாளத்துக்குப் பத்து நாள் ஊழியம்: போவதா, விடுவதா?

உடுவில்_பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் இருந்து ஒன்பது பேர் ஐப்பசியில் நேபாளத்துக்குப் பத்து நாள் போவதாக ஏற்பாடு. தலைக்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். பாதியை நாங்களே போட வேண்டும், மற்றப் பாதிக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டும் ஒடியல் கூழ் விற்றும் சேர்க்கிறோம் (கூழில் நண்டு காணாது என்று ஒரு மாமி காசைத் திருப்பிக் கேட்டது தனிக்கதை). அங்கே சிறுவர் நிகழ்ச்சி, வீடு சந்திப்பு, பிறகு ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பது, இவ்வளவும்தான் திட்டம்.

அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "இருபத்தைந்து லட்சம் கிட்ட வருகுதே, அதுக்கு முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை பள்ளிக்கூடத்துக்குக் கக்கூசு கட்டலாம்" என்று கேட்கிறா. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நான் கணக்கு வேலை செய்கிறவள், பாட்டும் சுமார்தான், நேபாளியில் ஒரு சொல்லும் தெரியாது. போய் வந்தவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், என்னத்துக்கு ஆயத்தமாக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கொக்குவில்_சைக்கிள்:
தங்கச்சி, நான் 2019இல் போய் வந்தவன். விசா பிரச்சினை இல்லை, சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் வருடத்தில் முதல் தடவைக்கு 30 நாள் கட்டணம் இல்லாமல் தருவார்கள். ஐப்பசி என்கிறீர்கள், தசைன் பண்டிகை எந்தக் கிழமை விழுகிறது என்று பாருங்கள், எங்கள் தீபாவளி, பொங்கல் இரண்டையும் சேர்த்தது போல நாடே ஊருக்குப் போய்விடும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ஆராதனை ஞாயிற்றுக்கிழமை இல்லை, சனிக்கிழமை. அங்கே சனிதான் விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருக்க வேண்டும், யாரைக் கண்டாலும் "ஜய மசி" என்று சொன்னால் போதும், பால் தேத்தண்ணி தானாக வரும்.

பெரிய விஷயம் சட்டம். 2015 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையிலேயே மதம் மாற்றக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2018 ஆகஸ்ட்டில் இருந்து நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டப்படி ஐந்து வருடம் வரை மறியல், ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிய நாடு கடத்தலும் இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய்ப் பிள்ளைகளுக்கு இனிப்போடு கைப்பிரதி கொடுப்பது என்ன மாதிரியான வேலை என்று உங்கள் தலைவரிடம் கேளுங்கள். நாங்கள் போனபோது எங்கள் குழுவில் ஒருவன் அதைச் செய்து, போதாததற்கு முகநூலில் நேரலையும் போட்டான். எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த ஊர்ப் போதகரைத்தான் அடுத்த கிழமை பொலிஸ் கூப்பிட்டு விசாரித்தது. அவர் அதை எங்களுக்குச் சொல்லவே இல்லை, வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். இப்போதும் அவரோடு கதைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மேசன்_தம்பி:
நான் மற்றப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு நான் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தேன், எந்த இல்லம் என்று வேண்டாம். வருடத்துக்கு நாலைந்து குழு வெளிநாட்டில் இருந்து வரும். வந்தால் எங்களுக்கு வேலை: கதிரை தூக்குவது, வரிசையில் நின்று அதே பாட்டை அதே கையசைப்போடு பாடுவது. ஒரு அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதா, கடிதம் போடுவேன் என்று சொல்லிப் போனா. தபால்காரர் மணி அடித்தால் கேற்றுக்கு ஓடுவேன், ஒரு வருடத்துக்கு மேல் ஓடினேன். பிறகு வந்த குழுக்களில் யாருடைய பெயரையும் நான் கேட்கவில்லை.

சுவரும் அப்படித்தான். எங்கள் சாப்பாட்டுக்கூடச் சுவரில் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு குழு அதற்கு மேலேயே நீலம் அடித்தது, மாரி முடிய நீலம் செதில் செதிலாகக் கழன்றது, அடுத்த குழு வந்து மஞ்சள் அடித்தது. இப்போது நான் மேசன் வேலை செய்கிறேன், அதனால் சொல்கிறேன், அந்தச் சுவருக்குத் தேவைப்பட்டது பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு நிலத்து ஈரம் ஏறாமல் பார்ப்பது. இரண்டு மேசன், ஒரு கிழமை. அது படத்தில் வடிவாக வராது.

எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். வயதான ஒருவர் ஒவ்வொரு தை மாதமும் வருவார், பாட்டு இல்லை, பேச்சும் குறைவு, கிணற்று மோட்டரைக் கழற்றிப் பூட்டுவார், என்னைப் பக்கத்தில் இருத்தி ஸ்பானர் சாவி எடுத்துத் தரச் சொல்வார். எந்தச் சாவி எத்தனையாம் நம்பர் என்று அவரிடம்தான் படித்தேன்.

மானிப்பாய்_வாத்தியார்:
பிள்ளை, நான் இளைப்பாறிய ஆசிரியன், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. அமெரிக்க மிஷன்காரர் 1816இல் இங்கே வந்தார்கள். தெல்லிப்பழைக்கு வந்த தானியேல் பூவர் தமிழ் படித்தார், வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினறியை நடத்தினார். வைத்தியர் கிறீன் 1847இல் வந்தார், இடையில் ஊருக்குப் போனார், திரும்பி வந்து 1873 வரை இருந்தார். இங்கிலிஷில் இருந்த வைத்திய நூல்களைத் தமிழாக்கி, மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அவர்களோடு எனக்குச் சில மனத்தாங்கல் உண்டு, சைவப் பிள்ளைகளுக்குப் பெயரையே மாற்றினார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு இருந்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத்து மாணவர்களே ஒரு சங்கம் வைத்து, கடல் தாண்டித் தமிழ்நாட்டுத் தொண்டியில் ஊழியம் நடத்தியிருக்கிறார்கள், இது இங்கே பலருக்குத் தெரியாது.

பத்து நாளுக்குப் போவதை ஊழியம் என்று சொல்லாமல் "பார்க்கப் போகிறோம்" என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். பார்க்கப் போகிறவன் கேட்டுக்கொண்டிருப்பான், கொடுத்ததைச் சாப்பிடுவான். நேபாளத்துக்குள் 1951 வரை நெடுங்காலம் மிஷனரிகள் போகவே ஏலாது, அதற்குப் பிறகு அங்கே சபையைக் கட்டி வளர்த்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் ஆட்களே, மறியலுக்கும் போனவர்கள். அவர்களுக்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள்? அம்மா சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பயணத்தை நிறுத்தினால் அந்தக் காசு முல்லைத்தீவுக் கக்கூசுக்குப் போகாது, அவரவர் சட்டைப்பைக்குள்ளேயே இருக்கும்.

உடுவில்_பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. மேசன் அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

நேற்று எங்கள் போதகரும் நானும், நாங்கள் போக இருக்கிற ஊர்ப் போதகரோடு வாட்சப்பில் கதைத்தோம். என்ன வேண்டும் என்று முதலில் கேட்டோம், "நீங்கள் வந்தாலே சந்தோஷம்" என்றார். மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் மெல்லச் சொன்னார்: ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனால் அயலவர் எண்ணுவார்கள், மூன்று பேர் என்றால் நல்லது, பண்டிகைக்குப் பிறகு வந்தால் இன்னும் நல்லது, சபையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கீபோர்ட் பழக்க ஆள் இல்லை, கணக்குப் புத்தகம் எழுதுகிறவருக்கு எக்செல் தெரியாது. கடைசியில் சொன்னதைக் கேட்டதும் எங்கள் போதகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எக்செல்லுக்கு விமானம் ஏறத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன், வருகிற சனிக்கிழமை அவர்கள் ஆராதனை முடிய வீடியோவில் தொடங்குகிறோம். கீபோர்ட் வாசிக்கிற தம்பியும் தாதி அக்காவும் போதகரும் போவார்கள்.

மேசன்_தம்பி:
சரி, அந்தச் சுவர் என்னவாம்?

உடுவில்_பிள்ளை:
கேட்டேன் அண்ணா. சித்திரையில் கொரியாவில் இருந்து வந்த குழு ஏற்கெனவே அடித்துவிட்டுப் போய்விட்டதாம். நீலம்.