பத்து நாள் நெதர்லாந்து பயணத்துக்கு டச்சு படிக்கணுமா?

ஊர்சுற்றி_திருச்சி:
ஏப்ரல் கடைசியில அப்பா, அம்மா, மனைவியோட கிளம்புறேன். ஆம்ஸ்டர்டாம், டூலிப் பார்க்க கூக்கன்ஹாஃப், அப்புறம் பெல்ஜியத்துல ரெண்டு நாள். மூணு வாரமா ஒரு ஆப்ல டச்சு படிச்சிட்டு வர்றேன். "ஆமை பால் குடிக்கிறது"ங்கிற அளவுக்கு முன்னேறியாச்சு. வீட்டுக்காரம்மா சிரிக்கிறாங்க. "அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், இந்த நேரத்துல பெட்டியைக் கட்டுங்க"ங்கிறாங்க. போய் வந்தவங்க சொல்லுங்க.

நாடோடி_40:
வீட்டம்மா பேச்சைக் கேளுங்க. வேலை விஷயமா ஏழு தடவை போய் வந்தவன் நான். ஆங்கிலம் தாய்மொழியா இல்லாத நாடுகளை வரிசைப்படுத்தினா நெதர்லாந்துதான் பல வருஷமா உச்சியில நிக்குது. நீங்க மூச்சைப் பிடிச்சு "ஃகூதமோர்ஃகன்"னு ஆரம்பிப்பீங்க. கடைக்காரப் பொண்ணு உங்க முகத்தைப் பார்த்துட்டு "குட் மார்னிங்"னு முடிச்சிடும். அவங்களுக்கும் நேரம் மிச்சம்.

ஆம்ஸ்டல்வேன்_அக்கா:
ஒன்பது வருஷமா இங்க குடித்தனம். நாடோடி சொல்றது பாதி சரி. பேசுறதுக்கு டச்சு வேண்டாம் தம்பி. வாசிக்கவும் காதுல வாங்கவும் கொஞ்சம் வேணும். ஆமையை விட்டுடுங்க, இதைப் படிங்க: "ஸ்போர்" நடைமேடை. "ஃபெர்ட்ராஃகிங்" தாமதம். "ரைட் நீட்" அந்த வண்டி ஓடாது. "அவுட்ஃகாங்" வெளியே போற வழி. கடை வாசல்ல "அலேன் பின்னன்"னு இருந்தா கார்டு மட்டும்தான், நோட்டை நீட்டாதீங்க. "ஃபீட்ஸ்பாட்" சைக்கிள் பாதை, அதுல நின்னு போட்டோ எடுத்தா மணி அடிச்சே விரட்டுவாங்க. அப்பா அம்மாகிட்ட இதை முதல்ல சொல்லுங்க. எழுத்து எப்படி இருக்கும்னு படம் எடுத்துத் தனிமடல்ல அனுப்புறேன்.

மேல "ஃக"ன்னு எழுதியிருக்கேன் பாருங்க, டச்சுல அது இங்கிலீஷ் "ஜி" எழுத்து, அதுக்கு நம்ம "க" போதாது. "அஃது"ன்னு சொல்றப்ப தொண்டையில உரசுது பாருங்க, அதையே சளி பிடிச்ச மாதிரி கொஞ்சம் முரட்டுத்தனமாச் சொன்னா வந்துடும். நம்ம ஆய்தம் அங்க போய் நல்லாப் பொழைக்குது!

நாடோடி_40:
அக்கா, போன் கேமராவைப் பலகை முன்னாடி காட்டினா தமிழ்லயே வருது. பட்டியலை எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?

ஆம்ஸ்டல்வேன்_அக்கா:
ஒலிபெருக்கிக்குக் கேமராவை எங்க காட்டுவீங்க? இங்க சில ரயில் வழியில ரெண்டாப் பிரிஞ்சு ஆளுக்கொரு திசையில போகும். "ஃபோர்ஸ்ட"ன்னா முன்பாதி, "அஃக்தர்ஸ்ட"ன்னா பின்பாதி. வந்த புதுசுல தப்பான பாதியில உட்கார்ந்து, போக வேண்டிய ஊர் ஒண்ணு, இறங்கின ஊர் ஒண்ணு. கைக்குழந்தையோட.

நாடோடி_40:
பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

ஆம்ஸ்டல்வேன்_அக்கா:
கேட்கணும்னு தோணினாத்தானே! என்ன சொல்றாங்கன்னே பிடிபடலைன்னா, ஏதோ வழக்கமான அறிவிப்புன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவோம். ஒரு வார்த்தை காதுல சிக்கினாத்தான் "என்னங்க சொல்றாங்க"ன்னு வாய் வரும்.

பனங்கொட்டை:
அண்ணை, நீங்கள் ஏன் பயப்பிடுறியள்? பாதி டச்சு உங்கட வாயிலயே கிடக்கு. ஒல்லாந்தர் 1658இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு நூற்றிமுப்பது வருசத்துக்கு மேல இருந்தவை. எங்கட அப்பப்பா "கந்தோருக்குப் போறன்" எண்டுதான் வெளிக்கிடுவார், கந்தோர் எண்டா ஒபிஸ், அது டச்சு. மேசை லாச்சி, அதாவது இழுப்பறை, டச்சு. பத்திரம் எழுதுற நொத்தாரிசும் டச்சு. உங்கட பக்கத்துத் "துட்டு" அவையின்ர காசுப் பேர் எண்டுதான் சொல்லுறவை. கக்கூசும் அங்கயிருந்து வந்ததுதான். ஆனா அங்க போய் அதை மட்டும் கேட்டுப்போடாதேங்கோ, இப்ப அது கொச்சை. "டுவாலெட்" எண்டு கேளுங்கோ.

நாடோடி_40:
இது ஒண்ணுதான் இந்த இழையில உருப்படியான தகவல்.

சைவப்பூனை:
வீட்ல சைவம்னா சாப்பாட்டு வார்த்தைகள் கட்டாயம். "கிப்" கோழி, "ரண்ட்" மாடு, "ஃபார்கன்" பன்றி, "ஸ்பெக்" பன்றிக் கொழுப்பு. உருண்டை உருண்டையா பொன்னிறமா "பிட்டர்பாலன்"னு ஒண்ணு வரும். பார்த்தா நம்ம போண்டா, உள்ள பெரும்பாலும் மாட்டுக்கறி. போன வருஷம் என் மாமியாருக்கு "ஃக்ரூந்தசூப்" வாங்கிக் கொடுத்தேன். காய்கறி சூப்னுதான் அர்த்தம். ஸ்பூனால கிளறினா அடியில கோலிக்குண்டு அளவுல கறி உருண்டை நாலு. அன்னிக்கு முழுக்க அவங்க ஆப்பிள்தான் சாப்பிட்டாங்க.

நாடோடி_40:
பூனை, நீங்க எனக்குத்தான் சாட்சி சொல்றீங்க. வார்த்தை தெரிஞ்சுதானே வாங்கினீங்க? டச்சு கரைச்சுக் குடிச்சவனும் அதைக் காய்கறி சூப்னுதான் படிப்பான். "நோ மீட்?"னு இங்கிலீஷ்ல ஒரு கேள்வி கேட்டிருந்தா மாமியார் பட்டினி கிடந்திருக்க மாட்டாங்க.

சைவப்பூனை:
சரி, சூப் விஷயத்துல தோத்துட்டேன். சூப்பர் மார்க்கெட் அலமாரி முன்னாடி நிக்கிறப்ப யாரைக் கேட்பீங்க? "ஸோண்டர் ஃப்ளேஸ்"னா கறி இல்லாததுன்னு எழுதி வச்சுக்கோங்க திருச்சி.

மூணாம்_பெட்டி:
பெல்ஜியம் போறதா சொன்னதால ஒரு விஷயம். வடக்குப் பாதியில பலகை டச்சுல, தெற்குப் பாதியில பிரெஞ்சுல, ப்ரஸ்ஸல்ஸ்ல மட்டும் ரெண்டும். ஊர்ப்பேரும் அப்படித்தான் மாறும். வடக்குல இருக்கிற லூவன்ல நின்னு, தெற்குல இருக்கிற லியேஜ் வண்டிக்காகக் காத்திருந்தேன். பலகையில லியேஜே வரலை. "லாய்க்"னு ஒரு வண்டி வந்துச்சு, கண்ணு முன்னாடியே கிளம்பிப் போச்சு. ரெண்டும் ஒரே ஊர். கையில இருந்த காபி ஆறினப்புறம்தான் தெரிஞ்சுது. பக்கத்து பிரான்ஸ்ல இருக்கிற லீல் போறவங்களுக்கு அது "ரைஸல்", மோன்ஸ் போறவங்களுக்கு அது "பெர்ஃகன்".

ஊர்சுற்றி_திருச்சி:
எல்லாருக்கும் நன்றி. ஆமையை இன்னிக்கோட விட்டுட்டேன். அக்காவோட பட்டியல் ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியாச்சு. வீட்டம்மா வாசிச்சுப் பார்த்துட்டு, "'டாங்க் யே வெல்' மட்டும் நான் சொல்றேன், மிச்சத்தை நீங்க பார்த்துக்கோங்க"ன்னுட்டாங்க. நன்றி சொல்றதுதான் அதுன்னு அவங்களாவே கண்டுபிடிச்சிருக்காங்க. அக்கா, கடைசிக் கேள்வி, அம்மா கேட்கச் சொன்னது: மதியத்துக்கு மோர் கிடைக்குமா?

ஆம்ஸ்டல்வேன்_அக்கா:
அப்பாவுக்கு "டாங்க் ஊ வெல்"னு சொல்லிக் கொடுங்க, பெரியவங்ககிட்ட பேசுறப்ப அதுதான் மரியாதை. நம்ம நீ, நீங்க மாதிரி. மோர் எல்லாக் கடையிலயும் இருக்கு, "கார்னமெல்க்"னு கேளுங்க. பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துலயே அதே மாதிரி அட்டைப் பெட்டியில இருக்கும். உப்பும் பெருங்காயமும் மட்டும் ஊர்ல இருந்து கொண்டு வாங்க.

நாடோடி_40:
ஒரு நிமிஷம். கார்னமெல்க்னா மோரா?

ஆம்ஸ்டல்வேன்_அக்கா:
ஆமா. ஏன்?

நாடோடி_40:
முதல் தடவை போனப்ப ஹோட்டல் ரூம்ல காபியில ஊத்தினேன். திரிஞ்சு போச்சு. பால் கெட்டுப்போனதுன்னு நினைச்சு, கீழ போய் இன்னொரு பெட்டி அதையே வாங்கிட்டு வந்து மறுபடியும் ஊத்தினேன்.