உதவி: ஸ்ட்ரெங்த் 19 வருது, டிஎம் 17தான்ங்கிறார்

குள்ளக்கோடாலி:
டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல புது கேம்பெயின். என் கேரக்டர் ட்வார்ஃப் (குள்ளர் இனம்) ஃபைட்டர், சோல்ஜர் பேக்கிரவுண்ட். ஸ்ட்ரெங்த் (பலம்) 19 வருது. டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) அடிச்சு 17னு எழுதிட்டார். ஏன்னு கேட்டா "புத்தகத்தைப் படி"ங்கிறார். படிச்சுத்தானே போட்டேன்! ராத்திரி ஆர்மி கேம்ப்ல புக்-இன், அதுக்குள்ள யாராவது சொல்லுங்க.

தோபாயோவாசி:
எந்தப் புத்தகம்? 2014ஆ, 2024ஆ? பகடை உருட்டினீங்களா, ஸ்டாண்டர்ட் அரேயா (புத்தகமே தர்ற எண்கள்)?

நாலுபகடை:
நிச்சயம் பாயிண்ட் பை (புள்ளி கொடுத்துத் திறன் வாங்குறது) டேபிள். 27 புள்ளியில 15தான் உச்சம், அதோட 2 சேர்ந்தா 17. நீ உருட்டிட்டுப் போயிருப்ப.

பழையகை:
பதிப்பைச் சொல்லாம கேள்வி கேட்கிறது இங்க வாடிக்கையாப் போச்சு. 1974ல மூணு பகடை, வரிசையா, வந்தது வந்ததுதான். ஸ்ட்ரெங்த் 18 இருந்தாலும் அடி ஒரு புள்ளி கூடாது. ஃபைட்டருக்கு அனுபவப் புள்ளி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இப்போ எல்லாத்துக்கும் இனாம்.

குள்ளக்கோடாலி:
ஸ்டாண்டர்ட் அரே. 15 + மவுன்டன் ட்வார்ஃப் 2 + சோல்ஜர் 2.

தோபாயோவாசி:
ரெண்டு புத்தகத்தைக் கலந்துட்டீங்க லா. மவுன்டன் ட்வார்ஃப் தர்ற +2, 2014 விதி. 2020ல டாஷாங்கிற கூடுதல் விதிப் புத்தகம் அந்தக் கூட்டலை எந்தத் திறனுக்கு வேணும்னாலும் மாத்திக்க விட்டுச்சு. 2024ல இனத்துலேர்ந்து எடுத்து பேக்கிரவுண்டுக்கே கொடுத்துட்டாங்க. பழைய இனத்தைப் புது விதியில ஆடினா அதோட கூட்டலை விட்டுடணும். டிஎம் சொன்னது சரி. கானையும் (உடல் உறுதி) பாருங்க, அங்கேயும் மவுன்டன் ட்வார்ஃப் +2 ஏறியிருக்கும்.

பூன்லே_எல்ஃப்:
17க்கும் 16க்கும் மாடிஃபயர் (பகடையோட கூட்டுற எண்) ஒண்ணுதான், +3. சோல்ஜர்ல ஸ்ட்ரெங்த், டெக்ஸ் (சுறுசுறுப்பு), கான் மூணுலயும் +1 போடலாம். டெக்ஸ்ல 13 வச்சிருந்தா 14 ஆகும், அதுல லாபம்.

தோபாயோவாசி:
4ஆம் லெவல்ல ஸ்ட்ரெங்த் ஏத்துற ஃபீட் (சிறப்புத் திறமை) எடுத்தா 17, 18 ஆயிடும். நான் 17தான் வைப்பேன்.

நாலுபகடை:
எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்? நாலு உருட்டி சின்னதைத் தள்ளிட்டா முடிஞ்சுது. 2024லயும் அது இருக்கு.

பழையகை:
அந்த முறை 1979 டிஎம் கைடுலயே இருக்கு, தம்பி. அப்போ ஃபைட்டர் 18 வாங்கினா நூறுக்குள்ள இன்னொரு தடவை உருட்டணும். 18/00, அதாவது நூறு, வந்தா டேபிளே எழுந்து நிக்கும். அது ஆட்டம்.

பூன்லே_எல்ஃப்:
1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல மனிதப் பெண் ஃபைட்டருக்கு 18/50க்கு மேல கிடையாதுன்னு போட்டிருக்கே, அதுவும் ஆட்டமா அண்ணே?

பழையகை:
அதை 1989லயே எடுத்துட்டாங்க.

பூன்லே_எல்ஃப்:
பதினொரு வருஷம் இருந்துச்சுல்ல.

குள்ளக்கோடாலி:
அப்போ கான் 17 இல்ல, 15. ஓகே நன்றி, பஸ் வந்துடுச்சு.

தோபாயோவாசி:
2024ல எல்லா ட்வார்ஃபுக்கும் லெவலுக்கு ஒரு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) கூடும், அதை எழுதிட்டீங்களா?

நாலுபகடை:
கேம்ப்ல இருப்பான், வெள்ளிக்கிழமை பார்ப்பான். அண்ணே, 18/00க்கு அடி எவ்வளவு கூடும்?

பழையகை:
ஆறு.