வீட்டுக் குழு: பேர்லின் தோத்த பின்னேரம்

15 யூன் 2025

[19:41] கண்ணன் மாமா: முடிஞ்சுது. மாக்டெபூர்க் 32, பேர்லின் 26. ரிவியை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறன்.

[19:41] அபி: 😭😭😭

[19:44] பெரியம்மா கனடா: ஆர் தோத்தது? டென்மார்க்கோ?

[19:45] கண்ணன் மாமா: இல்லை அக்கா, இது கிளப் மட்ச். ஹாண்ட்போல் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், கொலோனிலை. ரெண்டும் ஜேர்மன் கிளப். எங்கடை பெடியன் பேர்லினுக்கு விளையாடுறான்.

[19:46] பெரியம்மா கனடா: எங்கடை பெடியனோ! ஆற்றை மகன்?

[19:46] துஷி: 😂😂

[19:47] கண்ணன் மாமா: டெனிஷ்காரன் அக்கா. மத்தியாஸ் கிசெல். ஊர் ஸ்கேர்ன், நாங்கள் இருக்கிற ஹேர்னிங்கிலை இருந்து காரிலை கொஞ்ச நேரம்தான். அந்த உரிமையிலை சொன்னனான். 26 வயசு.

[19:48] பெரியம்மா கனடா: ஓ. நான் கலியாண விசயமாக்கும் எண்டு நினைச்சிட்டன்.

[19:50] சிவா சித்தப்பா: போன கிழமைதானே சாம்பியன் சாம்பியன் எண்டு கத்தினியள்?

[19:52] கண்ணன் மாமா: அது ஜேர்மன் லீக். பேர்லினுக்கு அதுதான் முதல் தரம். 34 மட்ச் விளையாடி, கடைசி நாளிலைதான் ஆர் எண்டு தெரிஞ்சது. அதுக்குள்ளை சாம்பியன்ஸ் லீக் குழுவிலை மட்டும் 14 மட்ச். நடுவிலை சனவரியிலை உலகக் கிண்ணம். அவன் எப்ப சாப்பிடுறான் எப்ப படுக்கிறான் எண்டே விளங்கேல்லை.

[19:53] சிவா சித்தப்பா: இதைத்தான் நான் காலமையிலை இருந்து சொல்லுறன். அபி, மாமா சொல்லுறதை வடிவா வாசி.

[19:53] கண்ணன் மாமா: ஐயோ, நான் அதுக்குச் சொல்லேல்லை

[19:54] துஷி: என்ன நடக்குது அங்கை?

[19:56] ரதி சித்தி: அபி 10ஆம் வகுப்புக்கு ஃபூன் தீவுக்குப் போகப்போறாராம். ஓவ்ர எண்ட இடத்திலை எஃப்டர்ஸ்கோலே. ஹாண்ட்போல் படிக்க. கிசெலும் பெடியனா இருக்கேக்கை வீட்டை விட்டு அந்தப் பக்கம் போனவனாம். தேப்பனும் மகனும் சாப்பாட்டு மேசையிலை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கினம்.

[19:57] கொக்குவில் மாமா: அதென்ன ஸ்கோலே?

[19:59] துஷி: விடுதியோடை ஒரு வருசப் பள்ளிக்கூடம் மாமா. 14க்கும் 18க்கும் இடைப்பட்ட பிள்ளையள் போறது. பாடமும் உண்டு. அதோடை ஒரு பள்ளியிலை விளையாட்டு, இன்னொண்டிலை பாட்டு, நாடகம். அரசாங்கமும் காசு போடும், தாய் தேப்பன்ரை வருமானத்தைப் பாத்து.

[20:03] கண்ணன் மாமா: சிவா, அந்த இடத்தைச் சும்மா நினையாதை. அங்கை ஜிஓஜி எண்டு ஒரு கிளப். குட்பியர், ஓவ்ர, குட்மே எண்டு மூண்டு கிராமத்துக்கும் சேத்து ஒண்டு. மூண்டையும் கூட்டினாலும் ஹேர்னிங்கிலை ஒரு மூலைக்குக் காணாது. 2010இலை வங்குரோத்தாப் போனது. பிறகு எழும்பி 2022இலை டெனிஷ் சாம்பியன், அந்த அணியிலை கிசெல். அது முடியத்தான் பேர்லினுக்குப் போனவன். டென்மார்க் அணியின்ரை மிக்கெல் ஹான்சன், லாண்டின், பிட்லிக் எல்லாரும் ஒரு காலம் அங்கை விளையாடின ஆக்கள்.

[20:04] சிவா சித்தப்பா: நாலு பேரின்ரை பேர் சொல்லியாச்சு. அங்கை போய்ப் பேர் இல்லாமல் திரும்பி வந்தவை எத்தினை பேர்?

[20:05] கண்ணன் மாமா: 🤐

[20:07] கொக்குவில் மாமா: கண்ணன், இது கையாலை விளையாடுற ஃபுட்போலோ? இஞ்சை நாங்கள் வொலிபோலும் பெட்டையளின்ரை நெற்போலும்தான் பாக்கிறது.

[20:10] கண்ணன் மாமா: அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ. பக்கத்துக்கு 7 பேர், 30 நிமிசம் ரெண்டு தரம். கோலுக்கு முன்னாலை 6 மீட்டர் கோட்டை மிதிக்கேலாது, அதுக்கு மேலாலை பாய்ஞ்சு எறியலாம். விளையாட்டே டென்மார்க்கிலை பிறந்தது எண்டு இவைக்கு ஒரு பெருமை. ஹோல்கர் நீல்சன் எண்ட வாத்தியார் 1906இலை சட்டம் எழுதிப் புத்தகமாப் போட்டவர்.

[20:11] கொக்குவில் மாமா: அப்ப அவன் எங்கடை நெற்போல்காரி தர்ஜினி மாதிரி நெடுவலோ?

[20:12] அபி: தர்ஜினி அக்கா 2 மீட்டரும் தாண்டி மாமா. கிசெல் 1.90. ஹாண்ட்போலிலை அது பெரிய உயரம் இல்லை. ஆளும் மெல்லிசு.

[20:12] பெரியம்மா கனடா: பாவம், சாப்பாடு குடுக்கிறேல்லையோ

[20:17] துஷி: அந்த மெல்லிசிலைதான் விசயம் பெரியம்மா. அவன் இடக்கையன், வலப்பக்கத்தாலை வருவான். முன்னாலை நிக்கிற ரெண்டு தடுப்புக்காரரும் கதவு மாதிரி. பந்தோடை மூண்டு அடிதான் வைக்கலாம். முதல் அடியை வெளிப்பக்கம் காட்டுவான், ஒருத்தன் அங்கை சரிவான். ரெண்டாவது அடி சடக்கெண்டு உள்ளுக்கை. மூண்டாவதிலை ரெண்டு பேருக்கும் நடுவாலை தோளைக் குடுத்து நுழைஞ்சிடுவான். எறியேக்கை ஆள் பாதி விழுந்திருக்கும், பந்து மட்டும் உள்ளுக்கை போயிருக்கும். பிசியோ படிக்கிறவள் எண்டபடியால் எனக்கு அவன்ரை முழங்காலைப் பாக்கத்தான் பயம். ஒவ்வொரு தரமும் முழுப் பாரமும் ஒரு காலிலை.

[20:18] சிவா சித்தப்பா: துஷி, நன்றி 👍

[20:18] அபி: துஷி அக்கா!!! நீங்கள் ஆற்றை பக்கம்?

[20:22] கண்ணன் மாமா: சனவரியிலை உலகக் கிண்ணம் பாக்க அபியும் நானும் ஹேர்னிங் பொக்சன் அரங்குக்குப் போனனாங்கள். டென்மார்க் 47, அல்ஜீரியா 22. மட்ச் எண்டு சொல்லேலாது, பாவமாத்தான் இருந்தது. ஆனால் அந்த உலகக் கிண்ணம் முழுக்க அவன் 74 கோல். ஏழு மீட்டர் பெனால்டியைப் பெரும்பாலும் மற்ற ஆக்கள் எறிய, இவன் ஓடி ஓடிப் போட்டது. ஒஸ்லோவிலை ஃபைனல், குரோஷியாவை 32க்கு 26. டென்மார்க்குக்கு அது தொடர்ந்து நாலாவது உலகக் கிண்ணம்.

[20:23] அபி: பாரிஸ் ஒலிம்பிக்கிலை 62 கோல். ஃபைனலிலை ஜேர்மனியை 39க்கு 26 🔥 அங்கையும் அவன்தான் சிறந்த வீரன்.

[20:25] கண்ணன் மாமா: எனக்கு அதிலும் பாக்க ரோக்கியோ ஒலிம்பிக்தான் பெரிசு. 22 வயசு. ஃபைனலிலை பிரான்ஸிட்டைத் தோத்து வெள்ளி. தோத்த பக்கத்திலை இருந்தும் போட்டியின்ரை சிறந்த வீரன் எண்டு அவனைத்தான் எடுத்தவை.

[20:31] சிவா சித்தப்பா: நான் ஒண்டு கேக்கிறன். மிக்கெல் ஹான்சனை எல்லாரும் தெய்வம் எண்டு வைச்சிருந்தவை. 2022இலை அவருக்கு ரத்தக்கட்டி. அடுத்த வருசம் மன அழுத்தம் எண்டு லீவிலை நிண்டவர். அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்பிடி. உலகக் கிண்ணமோ ஐரோப்பியக் கிண்ணமோ, வருசா வருசம் சனவரியிலை ஒண்டு வருகுது. ஓய்வு எங்கை? 35 வயசிலை எல்லாம் முடிஞ்சு நிக்கேக்கை கையிலை என்ன இருக்கும்? நாங்கள் இஞ்சை வந்து துப்புரவு வேலை செய்தது, பிள்ளையள் ஒரு பட்டத்தோடை நிக்கோணும் எண்டுதான்.

[20:32] ரதி சித்தி: இதை நேரை சொல்லுங்கோவன். பக்கத்து அறையிலைதான் இருக்கிறான்.

[20:33] சிவா சித்தப்பா: நேரை சொன்னால் கதவைச் சாத்துறான்.

[20:34] அபி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[20:39] அபி: அப்பா, நான் கிசெலா வரப்போறன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. எனக்கு வலக்கை, நான் நிக்கிறது இடப்பக்க விங். அந்த இடத்துக்கு ஆக்கள் நிறைய. எனக்கும் தெரியும். 10ஆம் வகுப்பு கட்டாயமில்லை, என்ரை வகுப்பிலை பாதிப் பேர் எங்கையாவது எஃப்டர்ஸ்கோலே போகினம். ஒரு வருசம். பிறகு திரும்பி வந்து ஜிம்னாசியம் எண்ட உயர்தரப் பள்ளிதான். கணக்குப் பாடமும் அங்கை இருக்கு.

[20:41] பெரியம்மா கனடா: பிள்ளை ஒழுங்காத்தானே கதைக்கிறான் சிவா

[20:42] கொக்குவில் மாமா: கணக்கு இருக்கெண்டால் விடன்ராப்பா.

[20:46] துஷி: சித்தப்பா, நான் முழங்காலைப் பற்றிச் சொன்னது போகவேண்டாம் எண்டதுக்கு இல்லை. 15 வயசிலை ஒழுங்கான பயிற்சியாளர் இல்லாமல் கிழமைக்கு அஞ்சு நாள் கண்டபாட்டுக்குப் பாயுறதுதான் ஆபத்து. இப்ப அபி செய்யிறது அதுதான். அங்கை போனால் பாயவும் பழக்குவினம், விழவும் பழக்குவினம். செப்டெம்பர் கடைசியிலை ஒரு ஞாயிறு எல்லா எஃப்டர்ஸ்கோலேயும் கதவைத் திறந்து காட்டும். போய்ப் பாருங்கோ. சாப்பாட்டறையைப் பாருங்கோ, காலிலை நோ வந்தால் ஆர் பாக்கிறது எண்டு கேளுங்கோ.

[20:52] சிவா சித்தப்பா: ஞாயிறு எண்டால் எனக்குக் கோயிலிலை சமையல் முறை.

[20:52] கண்ணன் மாமா: உன்ரை முறையை நான் செய்யிறன்.

[20:53] ரதி சித்தி: நீங்கள் சமைச்சால் பிள்ளையாரும் எஃப்டர்ஸ்கோலே போயிடுவார்

[20:53] பெரியம்மா கனடா: 🤣🤣🙏

[20:58] சிவா சித்தப்பா: சரி. பாக்கிறதுக்குத்தான் வாறன். கையெழுத்து வைக்க இல்லை.

[20:58] அபி: ❤️

[21:04] ரதி சித்தி: உங்கடை கதை முடிஞ்சுதோ? எனக்கு ஒரு கேள்வி. பந்து கையிலை ஒட்ட எண்டு ஒரு பிசின் பூசுறாங்கள். காற்சட்டை, சொக்ஸ், கார் சீற், கதவுப்பிடி எல்லாம் அதுதான். சுடுதண்ணியிலை போட்டால் இன்னும் நல்லா ஒட்டுது. எதாலை போகும்?

[21:06] துஷி: முதல் தேங்காயெண்ணெய் தேய்ச்சு வையுங்கோ சித்தி. இளகினாப்பிறகு கோப்பை கழுவுற சோப்பு.

[21:07] ரதி சித்தி: தேங்காயெண்ணெய் இப்ப விக்கிற விலைக்கோ!

[21:08] அபி: அம்மா, அந்தப் பள்ளியிலை எங்கடை உடுப்பை நாங்களே தோய்க்கோணும்.

[21:08] ரதி சித்தி: அப்ப நாளைக்கே பதிஞ்சு விடுங்கோ.