இரு பெண்களின் காதல், மந்திர உலகம்: கோயில் வெறும் வில்லனாகிவிடுகிறது, எப்படித் திருத்துவது?

கரிக்கோல்:
20,000 சொல் குயர் மிகுபுனைவுக் குறுநாவல். விளக்கேற்றும் பூசாரிப் பெண்ணும் ஊர் ஊராகக் கதை சொல்பவளும் காதலிக்கிறார்கள், கோயில் தடுக்கிறது. சொன்ன கதை பலிக்கும், அதுதான் மந்திரம். முதல் வரைவில் மதம் என்றாலே கொடுமை என்றாகிவிட்டது. கிளைக்கதைகள் பெருகி, காதலையும் காணோம்.

ஏட்டுப்பூச்சி:
தடை எங்கிருந்து வந்தது? மூலம், உரை, வழக்கம் மூன்றையும் பிரித்து வையுங்கள். மூலச் செய்யுளில் 'இருவர் ஏற்றுக விளக்கு' என்று மட்டும் இருக்கட்டும். 'இருவர்' என்றால் ஆணா பெண்ணா தெரியாது. பின்னால் வந்த உரைகாரர்தான் 'கணவனும் மனைவியும் என்க' என்று எழுதிவைத்தார். இப்போது பூசாரிப் பெண் சாமியை விட்டு ஓட வேண்டாம். சாமி சொல்லை வைத்தே உரையோடு மல்லுக்கட்டலாம். கோயிலுக்கு உருப்படியான வேலையும் கொடுங்கள், பஞ்சத்தில் தானியம் அளப்பதுபோல. இல்லையென்றால் வெளியேறுவதில் அவளுக்கு என்ன நஷ்டம்? தடுக்கிறவர்களில் ஒருவராவது அவள்மேல் உயிரையே வைத்திருக்க வேண்டும்.

மையிருள்:
மந்திரத்துக்குக் கடிவாளம் இல்லை. எதுவும் பலிக்கும் என்றால் பதற்றம் ஏது? காதால் கேட்டவர்களுக்கு மட்டுமே பலிக்கும், ஒரு கதை ஒருமுறைதான், சொன்னதும் அது சொன்னவளுக்கே மறந்துபோகும் என்று வையுங்கள். அப்புறம் தங்கள் முதல் சந்திப்பையே அவள் கதையாகச் சொல்ல நேர்ந்தால்?

கிளைக்கதை நாலைந்து போதும், தலா 400 சொல். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்தவர் வேறொரு முடிவெடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் வெட்டுங்கள். 'ஆயிரத்தொரு இரவுகள்' நாயகி ஷஹ்ராசாத் விடியலில் கதையை நிறுத்தியது ரசனைக்காக அல்ல, தலை தப்ப.

நூலாம்படை:
டிராகன் பறக்கும் உலகத்துக்கும் நம்மூர் வெறுப்பை அப்படியே சுமந்துபோக வேண்டுமா என்ன? தடை காதலுக்கே என்றில்லாமல் கதை சொல்வதற்கு என்று மாற்றிப் பாருங்கள், இன்னும் சுவாரசியம்.

கரிக்கோல்:
'இருவர்' நல்ல பிடி. ஆனால் ஆண்-பெண் வரையறைக்குள் வராத ஒரு பாத்திரமும் உண்டு. 'அவர்' போட்டால் காதல் காட்சியில் மாமனாரிடம் பேசுவதுபோல விறைக்கிறது.

ஏட்டுப்பூச்சி:
அந்தக் காட்சியைத் தன்மையில் எழுதுங்கள். நான், நீ இரண்டிலும் பால் விகுதி கிடையாது. படர்க்கையில் பெயரோடு 'சிரித்ததும்', 'கைநீட்டியபோது' என்று எச்சங்களில் ஓட்டலாம். மூன்று பத்திக்கு மேல் போனால் நடை நொண்டும், அங்கே 'அவர்' வரட்டும்.